தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் கேட்டுப் போகும் இளைஞர்களுக்கு

உங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கணித ஆசிரியர் இல்லாமலே சாதாரண தரப் பரீட்சைக்குப் போகிறார்கள். விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை, எட்டும் தூரத்தில் தமிழ் மொழியில் அந்தப் பிரிவு இல்லாததால் கலைப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பற்றி ஏதாவது செய்ய வேண்டும் என்று நாலைந்து பேர் கோவில் திண்ணையில் பேசிக்கொள்கிறீர்கள். எங்கே போவது, யாரிடம் கேட்பது, என்ன கொண்டு போவது என்று சொல்ல ஆளில்லை.

நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். எந்தக் கந்தோருக்குப் போனாலும் இன்னொரு கந்தோரைக் கைகாட்டினார்கள். நாங்கள் அலைந்து கற்றதை அடுத்தவர்கள் அலையாமல் கற்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளைத் தோட்டங்களில் இருக்கும், பதினெட்டு இருபது வயதில் இந்த வேலைக்கு இறங்கும் தம்பி தங்கச்சிகளை மனதில் வைத்து எழுதியது இது.

1. கோரிக்கையைச் சுருக்குங்கள்

“மலையகக் கல்விக்கு நீதி வேண்டும்” என்று எழுதிக்கொண்டு போனால் எந்த அதிகாரியும் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார். யாரும் மறுக்காத கோரிக்கையை யாரும் செய்துகொடுக்கவும் மாட்டார்கள். “எங்கள் பாடசாலையில் தரம் 10, 11 வகுப்புகளுக்குக் கணித ஆசிரியர் இல்லை, அடுத்த தவணை தொடங்குமுன் ஒருவரை நியமியுங்கள்” என்று எழுதுங்கள். இதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு பாடசாலை, ஒரு கோரிக்கை. மலசலகூடம், கூரை, மைதானம் எல்லாமே தேவைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் போட்டால் பெயிண்ட் வாளி இரண்டைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், ஆசிரியர் வரமாட்டார்.

2. லயத்துக்கு லயம் போய்க் கணக்கெடுங்கள்

கடிதம் எழுதுவதற்கு முன்பு வீடு வீடாகப் போங்கள். ஒரு மொனிட்டர் கொப்பி போதும். ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டியவை: எத்தனை பிள்ளைகள், எந்தத் தரம், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, பாடசாலைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், படிப்பை நிறுத்திய பிள்ளை உண்டா, எந்தத் தரத்தில் நிறுத்தியது, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இருக்கின்றனவா.

போகும் நேரம் முக்கியம். கொழுந்து நிறுத்து, பிள்ளை மடுவத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து, அடுப்பு மூட்டும் நேரத்தில் போய் நின்றால் எந்த அம்மாவும் மனம்விட்டுப் பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நல்லது. சம்பள நாளை விட்டுவிடுங்கள். அன்று எல்லாரும் டவுனில் இருப்பார்கள். இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். படிப்பை நிறுத்திவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போன அக்காவைப் பற்றி ஒரு பொடியனிடம் எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள்.

பிள்ளைகளின் பெயர், படம் எதையும் முகநூலில் போடாதீர்கள். கொப்பி ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். வெளியே எடுத்துச் செல்வது எண்ணிக்கை மட்டும்.

இந்தக் கணக்கெடுப்பில் இன்னொரு பலனும் உண்டு. சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் வெளியே தெரிவார்கள். இலங்கையில் 15 வயதானால் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்கு அது தேவைப்படும். பாடசாலையில் இருக்கும் பிள்ளைக்கு அதிபர் மூலம் போகும். படிப்பை நிறுத்திய பிள்ளைக்குக் கிராம உத்தியோகத்தர் அல்லது தோட்டத் துரை உறுதிப்படுத்த வேண்டும். பிறப்பே பதியப்படாவிட்டால் பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குப் போக வேண்டும். அந்த வேலை மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே பரீட்சை வருடத்துக்கு முந்திய வருடமே தொடங்கிவிடுங்கள். என்னென்ன பத்திரம் வேண்டும் என்று அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசிக் கேட்கலாம். கேட்டுவிட்டுப் போனால் ஒரு பயணம் மிச்சம். ஒரு பயணம் என்பது ஒரு நாள் பேரும், அதாவது ஒரு நாள் சம்பளமும், பஸ் காசும்.

3. யாருடைய பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் மாகாணப் பாடசாலைகள். அதிபருக்கு மேல் கோட்டக் கல்விப் பணிப்பாளர், அவருக்கு மேல் வலயக் கல்விப் பணிப்பாளர், அவருக்கு மேல் மாகாணக் கல்விப் பணிப்பாளர். மத்திய மாகாணத்துக்குக் கண்டி, ஊவாவுக்குப் பதுளை. தேசியப் பாடசாலை என்றால் மட்டும் நேரே கொழும்பில் கல்வி அமைச்சு. மாகாண சபைத் தேர்தல் நடக்காமல் கிடக்கும் இந்தக் காலத்தில் மாகாண மட்டத்தில் கடைசிக் கதவு ஆளுநர்.

பாடசாலையின் வகையையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1ஏபி என்றால் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி என்றால் உயர்தரத்தில் கலை, வர்த்தகம் மட்டும். வகை 2 சாதாரண தரத்தோடு நின்றுவிடும். வகை 3 ஆரம்ப வகுப்புகளுக்கானது. வகை 2 பாடசாலைக்கு உயர்தர ஆசிரியர் கேட்டால் அந்தக் கடிதம் அங்கேயே முடிந்துவிடும். முதலில் கேட்க வேண்டியது தரமுயர்த்தலை.

நுவரெலியா மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் பிரிக்கப்பட்டு தலவாக்கலை, நோர்வூட் போன்ற புதியவை வந்திருக்கின்றன. உங்கள் தோட்டம் இப்போது எதில் இருக்கிறது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டே பஸ் ஏறுங்கள். கல்வி வலய எல்லை வேறு, பிரதேச செயலக எல்லை வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. குழுவுக்கு ஒரு பெயர், ஒரு கணக்கு, வந்துசேரும் ஒரு முகவரி

புதிதாக ஓர் அரச சார்பற்ற நிறுவனம் பதிவு செய்யத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் இருக்கும் இளைஞர் சேவை அதிகாரியைச் சந்தித்து, தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இளைஞர் கழகமாகப் பதிந்தால் போதும். உங்கள் பகுதியில் பெயருக்கு ஒரு கழகம் ஏற்கனவே இருந்தால், புதிதாகத் தொடங்குவதை விட அதன் கூட்டத்துக்குப் போய் உறுப்பினராவது சுலபம். வங்கிக் கணக்குக்கு யாப்பு, கூட்டத் தீர்மானத்தின் பிரதி, பொறுப்பாளர்களின் அடையாள அட்டை கேட்பார்கள். இரண்டு கையொப்பம் இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி வையுங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்த வேலைக்குப் பெரிய தொகை வேண்டாம். போட்டோ கொப்பி, பதிவுத் தபால், பஸ் காசு, கூட்டத்துக்குத் தேத்தண்ணி, அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு கொஞ்சம் சேர்த்தால் வந்துவிடும். செலவுக் கணக்கை மாதம் ஒருமுறை கோவில் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். அரசியல்வாதியிடமோ தொழிற்சங்கத்திடமோ முதல் காசை வாங்கினால், அடுத்த கட்சிக்காரர்களின் வீட்டுப் பெற்றோர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு மூன்று யூனியன் இருக்கிறது. எல்லாத் தோட்டத் தலைவர்களையும் ஒரே நாளில் சந்தித்துச் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு முதலில் சொன்னால் மற்றவருக்கு அது மரியாதைக் குறைவு.

அடுத்தது முகவரி. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கம் இல்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோரிலோ கடையிலோ கொண்டுபோய் வைக்கப்படும், யாராவது எடுத்துவந்தால் உண்டு. அரசாங்கப் பதில் கடிதத்துக்கு நாள் கணக்கு இருக்கிறது. ஆகவே டவுனில் நம்பிக்கையான கடை, ஆசிரியர் வீடு, தேவாலயம் ஏதாவது ஒன்றின் முகவரியை அனுமதி கேட்டுப் பயன்படுத்துங்கள். தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் எல்லாக் கடிதத்திலும் இருக்கட்டும்.

5. தகவல் உரிமை விண்ணப்பம்: இதுதான் உங்கள் முதல் ஆயுதம்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரஜை எவரும் அரசாங்கக் கந்தோரிடம் இருக்கும் தகவலைக் கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்க அதிகாரிக்கு உரிமை இல்லை. படிவம் இருக்கிறது, ஆனால் அது கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். கழகத்தின் பெயரிலும் கேட்கலாம், உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் போதும்.

விண்ணப்பத்தை வலயக் கல்விக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பாடசாலையில் கொடுக்காதீர்கள். அதிபரைச் சங்கடப்படுத்துவதோடு, ஆளணி விவரம் முழுவதும் அங்கே இருக்காது.

என்ன கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “ஏன் எங்களுக்கு ஆசிரியர் தரவில்லை?” என்று கேட்டால், அது தகவல் அல்ல, கருத்து என்று திருப்பிவிடலாம். தாளில் இருப்பதைக் கேளுங்கள். உதாரணமாக இப்படி:

“இன்ன பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி, பாடவாரியாக. இன்றைய திகதியில் உண்மையில் கடமையாற்றுவோர் எண்ணிக்கை, பாடவாரியாக. இந்தப் பாடசாலையின் ஆளணியில் சம்பளம் பெற்றுக்கொண்டு வேறு பாடசாலைக்கோ கந்தோருக்கோ தற்காலிகமாக இணைக்கப்பட்டிருப்போரின் எண்ணிக்கை, பாடம், இணைப்புத் திகதி. கடந்த மூன்று வருடங்களில் இடமாற்றம் பெற்றுச் சென்றோர் எண்ணிக்கை, பதிலாக வந்தோர் எண்ணிக்கை. இதே விவரங்கள் வலயத்தில் உள்ள ஏனைய எல்லாத் தமிழ் மொழி, சிங்கள மொழிப் பாடசாலைகளுக்கும்.”

மூன்றாவது கேள்வியைத் தவறவிடாதீர்கள். தாளில் கணித ஆசிரியர் இருப்பார், வகுப்பில் இருக்க மாட்டார். அவர் இணைப்பில் டவுன் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருப்பார். இந்தக் கேள்வி இல்லாவிட்டால் “உங்கள் பாடசாலையில் வெற்றிடம் இல்லை” என்று ஒரே வரியில் பதில் வரும், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கடைசிக் கேள்வியும் அப்படியே. பாகுபாடு இருக்கிறதா இல்லையா என்பதைக் கோஷத்தால் நிறுவ முடியாது. இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். பெயர்கள் கேட்காதீர்கள். எண்ணிக்கை போதும், பெயர் கேட்டால் அந்தரங்கத் தகவல் என்று மறுக்க இடம் கொடுத்துவிடுவீர்கள்.

பதில் தமிழில் வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கையில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலென்றால் பதிவுத் தபால், ரசீதை ஒட்டி வையுங்கள்.

கால எல்லை இது: 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதாக முடிவெடுத்தால் அடுத்த 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தகவல் அதிகம் என்றால் காரணம் சொல்லி மேலும் 21 நாட்கள் வரை நீட்டலாம். 2017இல் வந்த கட்டண விதிகளின்படி ஏ4 பிரதியில் முதல் நான்கு பக்கம் இலவசம், அப்புறம் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய்தான்.

மறுத்தாலோ, பேசாமல் இருந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பில் உள்ள தகவல் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். சட்டத்தரணி தேவையில்லை. பல கந்தோர்கள் முதல் மேன்முறையீடு போன உடனேயே பட்டியலைக் கொடுத்துவிடுகின்றன. ஆகவே மௌனத்தைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருங்கள்.

6. பெற்றோரை முன்னால் நிறுத்துங்கள்

பட்டியல் கைக்கு வந்ததும் பெற்றோர் கூட்டம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோரும் பழைய மாணவர்களும் உறுப்பினராகலாம். நீங்கள் அங்கே படித்தவர் என்றால் உறுப்பினராகிவிடுங்கள். ஆனால் சங்கத்துக்குத் தலைவர் அதிபர்தான். அரச உத்தியோகத்தர்கள் தாபன விதிக்கோவைக்குக் கட்டுப்பட்டவர்கள். ஊடகத்துக்குப் பேசினாலோ மேலதிகாரிக்கு எதிராகக் கையொப்பமிட்டாலோ அவர்களுக்குத்தான் பிரச்சினை. நல்ல அதிபர்கள் பலர் மனதுக்குள் உங்களோடுதான் இருப்பார்கள். அவர்களைக் கையொப்பம் கேட்டு நெருக்காதீர்கள். பெற்றோரின் கடிதம் தனியாகப் போகட்டும், அதிபருக்குப் பிரதி மட்டும்.

கூட்டத்தில் நீங்கள் அரைமணி பேசாதீர்கள். பட்டியலை வாசித்துக் காட்டிவிட்டு உட்காருங்கள். வலயத்தில் எந்தப் பாடசாலையில் எத்தனை கணித ஆசிரியர் என்று கேட்டதும் அம்மாமாரே பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சில் யார் தெளிவாகப் பேசுகிறாரோ அவரைச் சந்திப்புக்கு அழைத்துப் போங்கள். கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா பணிப்பாளரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தன் மகளின் பாடக் கொப்பியைத் திறந்து காட்டுவதற்கு முன்னால் நம்முடைய வாதங்கள் ஒன்றுமேயில்லை. ஒரு நாள் பேர் இல்லாமல் போவதற்கு ஈடாகக் குழுக் காசில் இருந்து கொடுத்துவிடுங்கள். அதை உதவி என்று நினைக்காதீர்கள், அது செலவு.

7. கடிதமும் சந்திப்பும்

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மேலே கோரிக்கை, நடுவில் அவர்களே கொடுத்த எண்கள், கீழே பதில் எதிர்பார்க்கும் திகதி. இணைப்பாகத் தகவல் உரிமைப் பதிலின் பிரதி. வலயப் பணிப்பாளருக்கு எழுதி, மாகாணப் பணிப்பாளருக்குப் பிரதி. உங்கள் பிரதியில் “கிடைத்தது” என்று திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

எப்போது போவது? வருடாந்த இடமாற்றங்கள் வருடக் கடைசியில் முடிவாகின்றன. கல்வியியற் கல்லூரிகளில் இருந்து வெளியேறும் புதிய ஆசிரியர்களுக்கு நியமனம் கொடுக்கும் காலமும் முன்கூட்டியே தெரியவரும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிக்கும் அக்கா அண்ணாமாரிடம் கேட்டால் சொல்வார்கள். பட்டியல் தயாராகும் முன் உங்கள் கடிதம் மேசையில் இருக்க வேண்டும். நியமனம் முடிந்த பிறகு போனால் “அடுத்த முறை பார்ப்போம்” என்பதுதான் பதில்.

சந்திப்பு முடிந்த அன்று இரவே, “இன்று நீங்கள் சொன்னது இது” என்று ஒரு சிறு கடிதம் எழுதி அடுத்த நாள் அனுப்புங்கள். வாய்ப்பேச்சைத் தாளாக்கும் வழி இது ஒன்றுதான்.

8. சிங்களத்தில் மட்டும் தந்தால்

தமிழும் அரச கரும மொழி. படிவமோ பதிலோ சிங்களத்தில் மட்டும் தந்தால், தமிழில் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். அதைவிட முக்கியமானது: வாசித்து விளங்காத எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள். பொலிஸ் நிலையமாக இருந்தாலும் சரி, கந்தோராக இருந்தாலும் சரி, “தமிழில் எழுதுங்கள், வாசித்துவிட்டு ஒப்பமிடுகிறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பது பெரிய பலம்தான், ஆனால் அவர் இருக்கிறார் என்பதற்காக இந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

9. பதில் வராவிட்டால்

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு இலவசம். கண்டியிலும் பதுளையிலும் பிராந்தியக் கந்தோர் உண்டு, அவசர இலக்கம் 1996. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பிறந்த இடம் போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. உங்கள் முறைப்பாட்டை அந்த உறுப்புரையோடு கட்டுங்கள், ஏனென்றால் கல்வி உரிமை தனியாக அடிப்படை உரிமை அத்தியாயத்தில் எழுதப்படவில்லை.

இங்கே பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே எழுத்தில் மறுப்பு வந்த திகதியை வட்டமிட்டு வையுங்கள், ஒரு மாதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

நாடாளுமன்றத்தின் பொதுமனுக் குழுவுக்கும் போகலாம். அதற்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் மனுவைச் சமர்ப்பிக்க வேண்டும். எந்தக் கட்சி என்று பார்க்காமல் மாவட்டத்தின் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள்.

10. வீதிக்கு இறங்குவதென்றால்

அதை முதல் படியாக வைக்காதீர்கள். தாள்கள் எல்லாம் கையில் இருக்கும்போது வீதிக்கு இறங்கினால், செய்தியாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்கும். ஊர்வலம் போவதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பாவது பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்திருக்க வேண்டும். எழுத்தில் கொடுத்துப் பிரதியில் ஒப்பம் வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. பாடசாலைச் சீருடையில் பிள்ளைகளை வீதியில் நிறுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் அன்று மாலை விசாரணை அதிபர் மேல்தான் வரும், ஆசிரியர் வெற்றிடம் மறந்துபோகும். பிள்ளைகள் வீட்டில் இருக்கட்டும், பெற்றோர் நிற்கட்டும்.

11. ஆசிரியர் வந்த பிறகு

பல தோட்டங்களில் ஆசிரியர் வருகிறார், சில மாதத்தில் இணைப்பு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர்மேல் கோபப்படுவதற்கு முன் அவர் எங்கே தங்குகிறார், எத்தனை மணிக்கு பஸ் ஏறுகிறார் என்று பாருங்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்து இரண்டு பஸ் மாறி, அப்புறம் மலையேறி நடந்து வரும் ஆசிரியை எத்தனை மழைக்காலம் தாங்குவார்? நியமனக் கடிதம் வரும் முன்பே டவுனில் அல்லது தோட்டத்தில் ஓர் அறை பேசி வையுங்கள். தோட்டத்தில் காலியாக இருக்கும் உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ் இருந்தால் துரையிடம் எழுத்தில் கேளுங்கள்; பெற்றோர் சங்கத்தின் பெயரில் கேட்டால் பல துரைமார் மறுப்பதில்லை. பஸ் நேரத்தைப் பாடசாலை நேரத்துக்குப் பொருத்தும்படி டிப்போவுக்கும் ஒரு கடிதம் போகட்டும்.

இணைப்பு பற்றிய அந்த மூன்றாவது கேள்வியை மட்டும் ஒவ்வொரு வருடமும் மூன்றாம் தவணைத் தொடக்கத்தில் திரும்ப விண்ணப்பியுங்கள். அடுத்த வருடம் அதை எழுத வேண்டிய தம்பி தங்கச்சி ஒருவரை இந்த வருடமே பக்கத்தில் உட்காரவைத்து, கோப்பு, ரசீதுகள், முத்திரை வைத்த பிரதிகள் எல்லாவற்றையும் காட்டிக்கொடுங்கள். வேலை கிடைத்து நீங்கள் கொழும்புக்குப் போகும்போது அந்தக் கோப்பு தோட்டத்திலேயே இருக்க வேண்டும்.